கடல் கடந்து வரும் ஓய்வூதியம்: வரி எந்த நாட்டுக்கு உரியது?

கேள்வியும் இரண்டு பதில்களும்

வெளிநாட்டில் உழைத்து ஓய்வுபெற்று, மிச்சமுள்ள காலத்தைச் சொந்த ஊரில் கழிக்கத் திரும்பியவர்கள் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் நிறையவே உண்டு. அவர்களுக்கு மாதந்தோறும் பவுண்டிலோ, டாலரிலோ, யூரோவிலோ வரும் ஓய்வூதியத்துக்கு எந்த நாடு வரி விதிப்பது நியாயம்? இந்தியச் சட்டம் இதற்குத் தரும் பதில் ஒன்றாக இல்லை. ஓய்வூதியம் எந்தக் கையிலிருந்து வருகிறது, எந்தக் கணக்கில் விழுகிறது, பெறுபவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது மாறுகிறது. இந்த மாற்றங்களுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறதா, அந்தத் தர்க்கம் ஓய்வுபெற்ற ஒரு முதியவரின் நிலையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரி இயலில் இரண்டு பார்வைகள் நெடுங்காலமாக எதிரெதிராக நிற்கின்றன. முதல் பார்வை உழைப்பு நடந்த நாட்டின் பக்கம் நிற்கிறது. பணியாளர் ஓய்வூதிய நிதிக்குச் சந்தா கட்டிய ஆண்டுகளில் அந்த நாடுதான் அச்சந்தாவுக்கு வரிச் சலுகை தந்தது. ஆகவே பணம் திரும்பி வரும்போது வரி கேட்கும் உரிமையும் அதற்கே உண்டு என்பது இதன் வாதம். இரண்டாவது பார்வை வசிக்கும் நாட்டின் பக்கம் நிற்கிறது. ஒருவருடைய மொத்த வருமானம், வயது, மருத்துவச் செலவு, அவரை நம்பியிருப்போர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று முடிவு செய்யக்கூடியது அவர் வாழும் நாடு மட்டுமே என்கிறது இது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மாதிரி உடன்படிக்கை தனியார் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை வசிக்கும் நாட்டைத் தேர்ந்தது. 1980-இல் வந்த ஐக்கிய நாடுகளின் மாதிரி உடன்படிக்கை இரண்டு மாற்று வாசகங்களைத் தந்து, முடிவைப் பேச்சுவார்த்தை நடத்தும் நாடுகளிடமே விட்டது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் ஓய்வூதியத்துக்கு மட்டும், அதைக் கொடுக்கும் நாடே வரி விதிக்கலாம் என்றது.

என் பார்வையில் வசிக்கும் நாட்டுக் கொள்கையே நியாயமானது. ஆனால் அது நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. வரி விதிக்கும் நாட்டின் சட்டம், தன்னிடம் வரும் ஓய்வூதியங்களின் வகைகளைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இந்திய வருமான வரிச் சட்டம் அந்த நிபந்தனையை இன்னும் நிறைவேற்றவில்லை.

வசிப்பும் வரவும்

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 5, 6-ஆம் பிரிவுகளில் அடித்தளத்தை இடுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடித்தளம் மாறவில்லை. பரவலாக அறியப்பட்டவை என்பதால் இங்கே பழைய எண்களையே பயன்படுத்துகிறேன். முழுமையான வசிப்பாளருக்கு உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானமும் இங்கே வரிக்கு உட்பட்டது. வசிக்காதவருக்கு இந்தியாவில் எழும் வருமானமும் இந்தியாவில் பெறப்படும் வருமானமும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே ‘சாதாரணமாக வசிக்காத வசிப்பாளர்’ என்ற நிலை ஒன்று உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவராக இருந்தவரும், முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மேல் இந்தியாவில் தங்காதவரும் இதில் அடங்குவர். நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புவோர் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் இந்த நிலையில் இருப்பார்கள். வெளிநாட்டு ஓய்வூதியம் அக்காலத்தில் இந்திய வரிக்குள் வராது என்ற நம்பிக்கையும் அவர்களிடையே பரவலாக உண்டு.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ‘இந்தியாவில் பெறப்படும் வருமானம்’ யாருக்கானாலும் வரிக்கு உட்பட்டது. ஆகவே லண்டனில் உள்ள தன் வங்கிக் கணக்கில் ஓய்வூதியத்தைப் பெற்று, பிறகு அதிலிருந்து பணத்தைத் திருச்சிக்கு அனுப்பிக்கொள்பவருக்கு அக்காலத்தில் வரி இல்லை. அதே ஓய்வூதியத்தை நேரே திருச்சி வங்கிக் கிளைக்கு வரவழைத்துக்கொள்பவருக்கு வரி உண்டு. கேசவ் மில்ஸ் வழக்கில் 1953-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது: பணம் முதன்முதலாக ஒருவரின் ஆளுகைக்குள் வரும் இடமே ‘பெறும்’ இடம், அதன் பிறகு நடப்பது வெறும் இடமாற்றம். கோட்பாடாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் ஒரு படிவத்தில் எந்த வங்கியை எழுதினோம் என்பதைப் பொறுத்து இரண்டு, மூன்று ஆண்டுகளின் வரி மாறுவது, எளிய வழியைத் தேர்ந்த முதியவருக்கு விழும் அடியாகவே முடிகிறது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அந்நியக் கப்பல்களில் வேலைபார்க்கும், இந்தியாவில் வசிக்காத மாலுமிகளின் சம்பளம் இந்தியாவிலுள்ள அவர்களது என்.ஆர்.இ. கணக்கில் சேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதை மொத்த வருமானத்தில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது. மாலுமிக்குப் பொருந்தும் நியாயம் ஓய்வூதியருக்குப் பொருந்தாமல் போகக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

சம்பளமா, பிற வருமானமா?

வரிக்கு உட்பட்டது என்று முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. சட்டத்தின் 17-ஆம் பிரிவு ‘சம்பளம்’ என்பதற்குள் ஓய்வூதியத்தையும் அடக்குகிறது. சம்பளம் என்றால் முதலாளி – தொழிலாளி உறவு இருக்க வேண்டும். மான்செஸ்டர் ஆலை நிர்வாகம் தன் பழைய ஊழியருக்குத் தரும் ஓய்வூதியம் சம்பளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரிட்டனின் அரசு முதியோர் ஓய்வூதியத்தை எந்த முதலாளியும் தருவதில்லை. தேசியக் காப்பீட்டுச் சந்தாவின் அடிப்படையில் அரசு அதைக் குடிமக்களுக்கும் அங்கே வேலைபார்த்த பிறருக்கும் தருகிறது. அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டியும் இதே இனம். முதலாளி இல்லாததால் அரசு முதியோர் ஓய்வூதியம் ‘பிற வருவாய்கள்’ என்ற தலைப்பின் கீழ் போகும் என்பதே வலுவான வாசிப்பு.

தலைப்பு மாறினால் என்ன என்று தோன்றலாம். 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையை எடுத்துக்கொள்வோம். சம்பளத் தலைப்பில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. பிற வருவாய்களில் இல்லை. நிகர வருமானம் 12 லட்சம் வரை உள்ள வசிப்பாளருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரியே இல்லை. ஆண்டுக்கு 12,50,000 ரூபாய் ஓய்வூதியம் மட்டுமே வாங்கும் இருவரை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவருடையது பழைய கம்பெனியின் ஓய்வூதியம்: கழிவு போக 11,75,000, வரி பூஜ்யம். மற்றவருடையது வெளிநாட்டு அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம்: கழிவு இல்லை, அடுக்கு விகிதப்படி 67,500 ரூபாய் வர வேண்டியது, 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி மிகக் கூடாது என்ற எல்லை நிவாரணத்தால் 50,000 ரூபாயாகக் குறைந்து, 4 சதவீத மேல்வரியோடு 52,000 ரூபாயாகிறது. தொகையில் வேறுபாடு இல்லை, வயதிலும் இல்லை. வந்த கை மட்டும்தான் வேறு.

நாணய மாற்றிலும் இதே பிளவு. வருமான வரி விதிகளின் 115-ஆம் விதிப்படி, வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாக்க, அது சேரவேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கி அந்தச் செலாவணியை வாங்கும் விலையைக் கொள்ள வேண்டும். பிற வருவாய்க்கோ நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31-இன் விலை. ரூபாய் தொடர்ந்து சரியும் ஆண்டில், ஏப்ரல் முதல் குறைந்த விலைக்கு மாற்றிச் செலவழித்துவிட்ட பணத்துக்கும் மார்ச் இறுதியின் உயர்ந்த விலையில் வரி கணக்கிடப்படும். கையில் வராத ரூபாய்க்கும் வரி கட்டுகிறோம் என்று அவர் முறையிட்டால் அதில் உண்மை இருக்கிறது. பிரிட்டிஷ் முதியோர் ஓய்வூதியத்தில் இது இரட்டிப்பாக வலிக்கும். பிரிட்டனில் வசிப்போருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு இந்தியாவில் வசிப்போருக்குக் கிடைப்பதில்லை. தொகை உறைந்தே நிற்கிறது. இந்த உறைவை எதிர்த்து வேறு நாடுகளில் குடியேறியிருந்த ஓய்வூதியர்கள் தொடுத்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2010-இல் தோற்றது.

விதவையரின் நிலை இன்னும் மோசம். குடும்ப ஓய்வூதியம் சட்டப்படி பிற வருவாய் என்றாலும், அதற்குத் தனிக் கழிவு ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய வரிமுறையில் 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஆனால் 57-ஆம் பிரிவின் விளக்கம் குடும்ப ஓய்வூதியத்தை, ஊழியர் இறந்த பிறகு அவர் குடும்பத்தாருக்கு ‘முதலாளி’ மாதந்தோறும் தரும் தொகை என்றே வரையறுக்கிறது. கணவரின் சமூகப் பாதுகாப்புச் சந்தாவால் வெளிநாட்டு அரசிடமிருந்து வரும் உதவித்தொகை எழுத்துப்படி இதில் அடங்காது. இந்தச் சிறிய கழிவு கூட அவருக்குக் கிடைக்குமா என்பது, அவருடைய ஆடிட்டரும் வரி அதிகாரியும் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட ஐயத்தை வாரியம் தீர்த்துவைத்த முன்னுதாரணமும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை தன் முன்னாள் ஊழியர்களுக்குத் தரும் ஓய்வூதியம், சம்பளத்தைப் போலவே விலக்குப் பெறும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரியம் அதை ஏற்று 1981-இல் சுற்றறிக்கை வெளியிட்டது. அத்தோடு அந்தச் சச்சரவு பெருமளவு ஓய்ந்தது.

குடியுரிமை என்னும் கோடு

இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகளில் தனியார் ஓய்வூதியத்துக்கும் அரசுப் பணி ஓய்வூதியத்துக்கும் தனித்தனி விதிகள் இருக்கும். 1993-இன் இந்திய–பிரிட்டன் உடன்படிக்கையைப் பார்த்தால், தனியார் நிறுவனத்தின் ஓய்வூதியத்துக்கு வசிக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம். அரசுப் பணிக்கான ஓய்வூதியத்துக்கு அதைத் தரும் அரசே வரி விதிக்கும். ஆனால் பெறுபவர் மறுநாட்டில் வசிப்பதோடு அந்நாட்டின் குடிமகனாகவும் இருந்தால் உரிமை மறுநாட்டுக்குப் போய்விடும். ஓர் அரசு தன் ஊழியருக்குத் தரும் பணத்தில் வேறோர் அரசு பங்கு கேட்கக் கூடாது என்ற பழைய அரசுரிமை மரியாதையே இந்த விதியின் வேர். இந்த வாசகம் பன்னாட்டு மாதிரி உடன்படிக்கையிலிருந்தே வருவதால் பல உடன்படிக்கைகளில் இதே வடிவத்தைக் காணலாம்.

இந்த விதி மண்ணில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, தமிழ் வாசகருக்குப் புதுச்சேரியைவிட நல்ல இடம் இல்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் அங்கே விரிவுபடுத்தப்பட்டது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர்களை ஊரார் ‘சொல்தா’ என்றே அழைத்தார்கள். ஒரே தெருவில், ஒரே படையில் பணிபுரிந்து, ஒரே கருவூலத்திலிருந்து ஓய்வூதியம் வாங்கும் இரு குடும்பங்களில் ஒன்று அன்று பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டிருக்கும். மற்றொன்று இந்தியக் குடியுரிமைக்கு வந்திருக்கும். மாதிரி விதி அப்படியே பொருந்தும் இடத்தில், முதல் வீட்டின் ஓய்வூதியத்துக்குப் பிரான்ஸ் மட்டுமே வரி விதிக்கலாம், இரண்டாம் வீட்டினுடையதற்கு இந்தியா மட்டுமே. அன்று போட்ட ஒரு கையெழுத்து இன்று வரிக் கணக்கையும் தீர்மானிக்கிறது.

அரசுரிமை மரியாதை என்ற காரணம் இந்தத் தெருவில் எடுபடவில்லை என்றே கருதுகிறேன். இரு வீட்டாரும் அதே மருத்துவமனைக்குப் போகிறார்கள், அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள். வசிப்பைக் கொண்டு வரியை நியாயப்படுத்தும் வாதம் இருவருக்கும் ஒரே அளவில் பொருந்துகிறது. இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும்: ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை அல்ல. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டையோடு மதுரையில் வாழ்பவர், இந்த விதியின் கண்ணில் அந்நிய நாட்டவரே.

அமெரிக்க உடன்படிக்கை வேறு வழியில் போகிறது. தனியார் ஓய்வூதியம் வசிக்கும் நாட்டுக்கு. சோஷியல் செக்யூரிட்டி தரும் நாட்டுக்கு மட்டும். ஆகவே சென்னையில் வசிக்கும் இந்தியக் குடிமகனின் சோஷியல் செக்யூரிட்டிக்கு இங்கே வரி கிடையாது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கா அத்தொகையின் 85 சதவீதத்தின் மேல் 30 சதவீதம், அதாவது மொத்தத்தில் 25.5 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் அரசுப் பணி செய்து ஈட்டிய பகுதிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு, அதே தொகை இந்திய வரிக்குள் வந்திருந்தால் 12 லட்சம் வரை வரியே இருந்திருக்காது. தரும் நாட்டுக்கே வரி என்ற கொள்கை சிறு ஓய்வூதியரை எப்படி நசுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஈப்போ வழக்கும் அதன் பிறகும்

உடன்படிக்கை, மறுநாடு ‘வரி விதிக்கலாம்’ என்று மட்டும் சொல்லி, ‘மட்டுமே’ என்று சொல்லாவிட்டால் இந்தியாவின் உரிமை போய்விடுமா? மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த செட்டியார் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் உடன்படிக்கையின் பக்கம் நின்று, அந்த வருமானத்துக்கு இங்கே வரி கேட்க முடியாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பத்தாண்டு முன்பே மலேசிய உடன்படிக்கையை இதே போக்கில் வாசித்திருந்தது. 2008 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு இந்த வாசிப்பைத் திருப்பியது: ‘விதிக்கலாம்’ என்றிருந்தால் வருமானம் இந்தியாவிலும் சேர்க்கப்படும், அங்கே கட்டிய வரிக்கு இங்கே ஈடு தரப்படும். தோட்டத்துக்கும் நிலத்துக்கும் எழுந்த சர்ச்சை இது. ஆயினும் ஓய்வூதியத்துக்கு இத்தகைய வாசகம் உள்ள உடன்படிக்கைகளிலும் இதே விடைதான். உடன்படிக்கையை வாசிப்பவர் முதலில் தேட வேண்டியது ‘மட்டுமே’ இருக்கிறதா என்பதைத்தான்.

எடுக்காத பணத்துக்கு வரி

மாத ஓய்வூதியத்துக்குப் பதிலாகத் தனிக் கணக்கில் சேர்ந்து வளரும் ஓய்வு நிதிகள் இன்று பெருகிவிட்டன. அமெரிக்காவின் 401(கே) போன்றவை இதில் சேரும். அங்கே பணத்தை எடுக்கும்போதுதான் வரி. இங்கேயோ ஆண்டுதோறும் சேரும் வருமானத்துக்கே வரி கேட்க இடமிருந்தது. இரண்டு நாடுகளும் வெவ்வேறு ஆண்டுகளில் வரி கேட்பதால் ஈடு பெற முடியாமல் போகும். 2021-இன் நிதிச் சட்டம் 89ஏ பிரிவைச் சேர்த்து இதைச் சரிசெய்தது: 10-இஇ படிவத்தில் ஒருமுறை தெரிவு செய்தால் அந்நாட்டைப் போலவே எடுக்கும் ஆண்டில் வரி. நல்ல ஏற்பாடு. ஆனால் அறிவிக்கப்பட்ட நாடுகள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுதான். தமிழர்கள் தலைமுறைகளாக உழைக்கும் சிங்கப்பூரும் மலேசியாவும் பட்டியலில் இல்லை.

வரி இல்லை, தண்டனை உண்டு

வெளிநாட்டில் தவறாகப் பிடிக்கப்பட்ட வரிக்கு இந்தியா ஈடு தராது. உடன்படிக்கைப்படி சரியாகப் பிடிக்கப்பட்டதற்கே தரும். ஆகவே பிரிட்டிஷ் கம்பெனி ஓய்வூதியர், 10எஃப்ஏ படிவத்தில் விண்ணப்பித்து இந்திய வசிப்புச் சான்றைப் பெற்று, பிரிட்டிஷ் வரித்துறைக்கு அனுப்பி, வரிப்பிடித்தம் வேண்டாம் என்ற ‘என்டி’ குறியீட்டை வாங்க வேண்டும். முறையாகப் பிடிக்கப்பட்ட வரிக்கு ஈடு கேட்கப் படிவம் 67. அதைத் தாமதமாகத் தந்தார்கள் என்பதற்காகவே ஈட்டை மறுக்க முடியாது, அந்த விதி வழிகாட்டும் தன்மையது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது மூத்த குடிமக்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆறுதல் இல்லாத இடம் ஒன்று உண்டு. முழுமையான வசிப்பாளர் தன் வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் ஓய்வு நிதியையும் ரிட்டர்னின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும்; வரி பூஜ்யமானாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது கட்டாயம். தவறினால் 2015-இன் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் தண்டம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் தண்டம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் முப்பது ஆண்டு உழைத்தவரின் ஓய்வு நிதி 20 லட்சத்தைத் தாண்டுவது வெகு சாதாரணம். ஹவாலாக்காரரைப் பிடிக்க எழுதிய சட்டம், ஒரு பைசா வரி கட்ட வேண்டாத ஓய்வுபெற்ற செவிலியரையும் அதே தண்டத்தோடு மிரட்டுகிறது. நாடுகளிடையே கணக்கு விவரங்கள் தானாகப் பரிமாறப்படும் இக்காலத்தில் மறைக்க இடமில்லை என்பதும், மறைக்க நினைக்காதவரே அதிகம் மாட்டிக்கொள்கிறார் என்பதும் ஒருசேர உண்மை.

வேண்டுவது

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வரிக் கணக்குக்கு ஓய்வூதியமாகவே கொள்ள வேண்டும் என்றும், அதை மாதாந்திர விலையில் ரூபாயாக்கலாம் என்றும், திரும்பி வந்த முதல் ஆண்டுகளில் நேரே இந்திய வங்கிக்கு வந்ததற்காக மட்டும் அதை வரிக்குள் இழுக்க வேண்டாம் என்றும் வாரியம் அறிவிக்கலாம். சட்டத் திருத்தம் தேவைப்படுவது குடும்ப ஓய்வூதிய வரையறைக்கும், வரியே எழாத இடத்தில் விழும் 10 லட்சம் தண்டத்துக்கும் மட்டுமே. 1981-இல் ஐ.நா. ஓய்வூதியருக்கும் 2017-இல் மாலுமிகளுக்கும் ஒரு சுற்றறிக்கையால் செய்ததை, வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய மற்ற முதியோருக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியம் செய்ய வேண்டும்.